அயர்லாந்தில் ஒரு பாட்டனாரைத் தேட டவுன்லாந்து ஏன் வேண்டும்?

அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனவர்களின் வாரிசுகள் கையில் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது ஒரு பெயரும் ஒரு கவுன்டியும்தான் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது). பாட்ரிக் சல்லிவன், கார்க் கவுன்டி என்பது போல. அதை வைத்து ஓர் அடிகூட நகர முடியாது. கார்க்கில் திரும்பிய பக்கமெல்லாம் சல்லிவன்கள். அவர்களுக்குள் பாட்ரிக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. அந்த நாட்டின் பழைய ஆவணங்கள் ஓர் ஆளை அவர் குடியிருந்த நிலத்தோடு சேர்த்தே காட்டுகின்றன. ஆகவே முதலில் பிடிக்க வேண்டியது அவருடைய டவுன்லாந்தை.

டவுன்லாந்து என்பது அயர்லாந்து நிலப் பிரிவுகளில் மிகச் சிறியது. சில ஏக்கரிலும் உண்டு, ஆயிரக்கணக்கான ஏக்கரிலும் உண்டு. தீவு முழுவதும் 60,000-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. பல டவுன்லாந்துகள் சேர்ந்தது பாரிஷ். பாரிஷ்களுக்கு மேல் பாரனி. எல்லாவற்றுக்கும் மேல் 32 கவுன்டிகள். 1824-ல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை இவற்றின் எல்லைகளை அளந்து, ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைபடமாக்கியது. ஜான் ஓடோனவன் என்ற மொழி அறிஞர் ஊர் ஊராகப் போய், உள்ளூர்க்காரர்கள் வாயில் வழங்கிய ஐரிஷ் பெயர்களைக் கேட்டு, ஆங்கில எழுத்தில் அவற்றுக்கு ஒரு வடிவத்தை நிலைப்படுத்தினார். அதற்கு முந்தைய ஆவணங்களில் ஒரே இடத்தின் பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருக்கும். போதாக்குறைக்கு, கில்மோர் போன்ற பெயர்கள் பல கவுன்டிகளில் திரும்பத் திரும்ப வரும். அதனால் டவுன்லாந்தோடு பாரிஷையும் சேர்த்துப் பிடித்தால்தான் இடம் உறுதியாகும்.

இந்தத் தகவல் பல நேரம் அயர்லாந்தில் கிடைக்காது, குடியேறிய நாட்டில்தான் கிடைக்கும். கல்லறைக் கல்லில், குடியுரிமைத் தாளில், அங்கே நடந்த திருமணத்தின் பதிவில் சொந்த ஊர் எழுதப்பட்டிருக்கலாம். பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' செய்தித்தாள் 1831-லிருந்து 1921 வரை, தொடர்பு விட்டுப்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. தேடப்படுபவர் இன்ன டவுன்லாந்து, இன்ன பாரிஷ் என்று அவற்றில் பலவற்றில் இருக்கும். நேர் பாட்டனாரைப் பற்றி ஒன்றும் அகப்படாவிட்டால், அவருடைய அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுக்காரர் என்று தேடுவது நல்லது. ஓர் ஊரார் போன இடத்திலும் பக்கம் பக்கமாகவே குடியேறினார்கள்.

இடம் தெரிந்துவிட்டால் இரண்டு நிலக் கணக்குகள் திறந்துகொள்ளும். முதலாவது 1823-க்கும் 1838-க்கும் இடையே எழுதப்பட்ட தசமபாகப் புத்தகம். ஆங்கிலிக்கன் திருச்சபைக்கான வரியைக் கத்தோலிக்க உழவரும் கட்ட வேண்டியிருந்ததால், அவர்கள் பெயரும் அதில் ஏறியது. இரண்டாவது, ரிச்சர்ட் கிரிஃபித் நடத்தி 1847 முதல் 1864 வரை வெளியான நில மதிப்பீடு. குத்தகைதாரர் பெயர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெயர், வீடு, தொழுவம், நிலத்தின் பரப்பு, மதிப்பு என வரிசையாகப் போகும். ஓரத்தில் உள்ள எண் வரைபடத்தில் அந்த நிலத்தைக் காட்டும். எண்ணை ஒட்டிய சிறிய எழுத்து அந்த நிலத்தில் உள்ள வீட்டைக் காட்டும். ஒரே டவுன்லாந்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், அடைப்புக்குறிக்குள் அப்பாவின் பெயரைச் சேர்த்தார்கள். பாட்ரிக் சல்லிவன் (ஜான்) என்று ஒரு வரி அகப்பட்டால், ஒரு தலைமுறையே கூடுதலாகக் கிடைத்த மாதிரி.

இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவே பெரும்பஞ்சம் கிடக்கிறது. 1841-ல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-ல் 66 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள்; இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். முதல் புத்தகத்தில் இருந்த குடும்பம் இரண்டாவதில் இல்லையென்றால், காரணத்தைப் பெரும்பாலும் இந்தப் பத்தாண்டில்தான் தேட வேண்டும்.

நிலக் கணக்கில் மனைவியும் பிள்ளைகளும் வரமாட்டார்கள். அதற்குக் கிறிஸ்தவக் கோயிலின் பதிவேடு வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: அரசு வகுத்த பாரிஷும், ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்கு உட்பட்ட வட்டாரமான பங்கும் ஒன்றல்ல, பெயரும் எல்லையும் மாறும். எந்த டவுன்லாந்து எந்தப் பங்கில் சேர்ந்தது என்று பார்த்த பிறகே பதிவேட்டைப் புரட்ட வேண்டும். ஞானஸ்நானப் பதிவில் குழந்தை, பெற்றோர், ஞானப்பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்பவர்கள்) பெயர்கள் இருக்கும். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் பெரும்பாலும் இருக்கும். லத்தீனில் எழுதிய பங்குகளில் ஜேம்ஸ் என்பவர் யாக்கோபுஸ் ஆகியிருப்பார். ஞானப்பெற்றோரைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அவர்கள் பெரும்பாலும் சித்தப்பாவோ அத்தையோதான். 1880 வரையிலான இந்தப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளும் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகத்தில் இருந்தன. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று, அந்தக் கட்டடம் வெடித்து எரிந்தது. சில துணுக்குகள் தவிர எல்லாம் போயின. 1861, 1871 தாள்களை அரசே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போரின்போது காகிதக் கூழாயின. முழுமையாக எஞ்சியவற்றில் மிகப் பழையது 1901-ன் கணக்கெடுப்பு.

ஆனாலும் எரிந்த ஏடுகளிலிருந்து ஒரு பகுதி தப்பியது. 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது, எழுபது வயதானவருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை கிடைத்தது. அயர்லாந்தில் எல்லோருக்குமான பிறப்புப் பதிவு 1864-ல்தான் தொடங்கியது என்பதால், அந்த முதியவர்களிடம் பிறப்புச் சான்று இல்லை. தாய் தந்தை பெயர், டவுன்லாந்து, பாரிஷ், பாரனி எல்லாவற்றையும் எழுதி, நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் எடுத்த கணக்கைப் பாருங்கள் என்று விண்ணப்பித்தார்கள். எழுத்தர்கள் 1841, 1851 ஏடுகளைத் தேடி, கண்டதை அந்தத் தாளிலேயே குறித்தார்கள். ஏடுகள் எரிந்தன, விண்ணப்பத் தாள்கள் பிழைத்தன. அயர்லாந்து ஆவணங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். ஐந்து ஷில்லிங்குக்காக ஒரு கிழவி நினைவிலிருந்து சொன்ன டவுன்லாந்துப் பெயரால், பஞ்சத்துக்கு முந்தைய ஒரு குடும்பம் இன்றும் நமக்குத் தெரிகிறது.

டப்ளினுக்குப் போன ஆங்கிலிக்கன் பதிவேடுகளும் அதே தீயில் அழிந்தன. உள்ளூரிலேயே தங்கியவை பிழைத்தன. 2007-ல் அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர்கள் கேட்டதன் பேரில், ஆஃபலி கவுன்டியில் ஸ்டீபன் நீல் என்ற ஆங்கிலிக்கன் குரு டெம்பிள்ஹாரி கோயிலின் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். மணிகால் ஊரில் செருப்புத் தைத்த ஜோசப் கியர்னியின் குடும்பம் அதில் இருந்தது. அவர் மகன் ஃபால்மவுத் 1850-ல் நியூயார்க்குக்குக் கப்பலேறியவர். பராக் ஒபாமாவின் தாய்வழி முன்னோர்.