பாட்டிலில் மருந்து போக மீதி என்ன?

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் சிரப்பை எடுத்துக்கொள்வோம். லேபிளில் '5 மில்லியில் 120 மில்லிகிராம்' என்று போட்டிருந்தால், 100 மில்லி பாட்டில் முழுவதிலும் இருக்கும் மருந்து 2.4 கிராம். மீதி எல்லாம் தண்ணீர், இனிப்பு, கரைப்பான், கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ், நிறம், மணம். சிரப்பும் களிம்பும் தயாரிக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். எங்களுக்குத் தூக்கம் கெடுவது பெரும்பாலும் அந்த மீதியை நினைத்துத்தான்.

பாரசிட்டமாலைத் தண்ணீரில் மட்டும் கரைக்க முடியாது. சாதாரண வெப்பநிலையில் ஒரு மில்லி தண்ணீரில் சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். நமக்கு வேண்டியதோ 24. ஒன்று, கரையாத தூளாகவே மிதக்கவிட்டு 'நன்றாகக் குலுக்கவும்' என்று எழுத வேண்டும். இல்லையென்றால் புரப்பிலீன் கிளைகால், கிளிசரின் போன்ற ஒன்றைச் சேர்த்துக் கரைக்க வேண்டும். இரண்டும் நிறமற்றவை, கொழகொழப்பானவை, லேசாக இனிப்பவை. மருந்துத் தரத்தில் இருந்தால் உடம்புக்கு ஒத்துப்போகும்.

பிரச்சினை என்னவென்றால், டை எத்திலீன் கிளைகாலும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். அதுவும் நிறமற்றது, கொழகொழப்பானது, இனிப்பானது. ஆனால் அது தொழிற்சாலைகளுக்கான ரசாயனம். உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தை நாசம் செய்துவிடும். 1937இல் அமெரிக்காவில், கிருமித் தொற்றுக்கான சல்ஃபானிலமைடு என்ற மருந்தைத் திரவமாக்க இதையே கரைப்பானாகச் சேர்த்தார்கள். நிறம், மணம், சுவை மூன்றையும் பார்த்தார்கள். குடித்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்தை விற்பதற்கு முன்பே அது பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்ற சட்டம் 1938இல் அங்கே வந்ததற்கு இதுதான் காரணம்.

அதோடு முடிந்திருந்தால் பழங்கதை என்று விட்டுவிடலாம். 2006இல் பனாமாவில், கிளிசரின் என்ற பெயரோடு பல வியாபாரிகள் கைமாறி வந்த சரக்கு இருமல் மருந்தில் போய்ச் சேர்ந்தது. உள்ளே இருந்தது டை எத்திலீன் கிளைகால். 2022இல் காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான் என ஒரே ஆண்டில் மூன்று நாடுகளில் இப்படிப்பட்ட சிரப்பால் குழந்தைகள் இறந்தார்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட இருமல் சிரப்பைச் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் இந்த நஞ்சு இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். 48.6 என்பது எங்கோ ஒரு துளி கலந்துபோன கணக்கு இல்லை. பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி!

இதைத் தடுக்கப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். கிளிசரினோ புரப்பிலீன் கிளைகாலோ வந்து இறங்கியதும், கூடவே வந்த சான்றிதழை நம்பிக் கோப்பில் போடாமல், ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் தனித்தனியாக மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். 'தனித்தனியாக' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை மிச்சம் என்று பத்து டிரம்மிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்றாகக் கலந்து சோதித்தால், கெட்ட டிரம் ஒன்று நல்ல ஒன்பதுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்க்கும். சான்றிதழ் விஷயமும் அப்படித்தான். இடைத்தரகர்கள் தங்கள் தலைப்புத் தாளில் திரும்பத் தட்டச்சு செய்து தருவதற்கு எந்த மதிப்பும் இல்லை. முதலில் தயாரித்தவர் யார் என்று தெரியாத சரக்கு தொட்டிக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது என்பதுதான் என் கட்சி.

சரி, சர்க்கரைப் பாகுக்கு வருவோம். எடைக்கு எடை 66.7 சதவீதம் சர்க்கரை, மீதி தண்ணீர். மருந்துத் துறையின் அடிப்படைப் பாகு இதுதான். இந்த அடர்த்தியில் கிருமிகளுக்குத் தேவையான தண்ணீரைச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்வதால் அவை வளர முடிவதில்லை. அடர்த்தியை இன்னும் கூட்டினால் குளிரில் படிகம் கட்டும், குறைத்தால் பூஞ்சை வரும். அதிகமாகக் காய்ச்சினால் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்து பழுப்பேறும்.

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் பாகு கெடுவதைப் பார்க்கலாம். சூடு ஆறாத பாகைத் தொட்டியில் மூடி வைத்தால், ஆவி மூடியின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து, திரும்பப் பாகின் மேலேயே சொட்டும். மொத்தத் தொட்டியும் 66.7 சதவீதம்தான், ஆனால் மேலே விரல் தடிமனுக்கும் குறைவான ஒரு படலம் மட்டும் நீர்த்துப் போயிருக்கும். பூஞ்சைக்கு அது போதும். அதனால்தான் ஆறுவதற்கு முன் அவசரப்பட்டு மூடவிட மாட்டோம். மணப்பொருளைச் சேர்ப்பதும் ஆறிய பிறகுதான். சூட்டில் ஊற்றினால் மணம் அறைக்குத்தான் போகும், சிரப்பில் நிற்காது.

சர்க்கரை இல்லாத சிரப்புகளில் இந்தக் காவலே கிடையாது. பாராபென், சோடியம் பென்சோயேட் மாதிரியான பிரிசர்வேட்டிவை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். பென்சோயேட் புளிப்புத் தன்மையில்தான் வேலை செய்யும். பாராபென்னோ தண்ணீரில் எளிதில் கரையாது. நேராகக் கொட்டினால் மேலே மிதந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். எடைபோட்டுச் சேர்த்ததாகப் பதிவேட்டில் இருக்கும், சிரப்பில் இருக்காது. முதலில் புரப்பிலீன் கிளைகாலிலோ சுடுதண்ணீரிலோ கரைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அப்புறம் தண்ணீர். சுத்திகரித்த தண்ணீர் குழாயில் தேங்கி நின்றாலே கிருமி படலம் கட்ட ஆரம்பித்துவிடும். 2016இல் அமெரிக்காவில் மலச்சிக்கலுக்கான ஒரு திரவ மருந்து மூலம் பர்க்கோல்டேரியா செபேசியா என்ற பாக்டீரியா பல மாநில மருத்துவமனைகளில் பரவியது. அது தண்ணீரில் குடியிருக்கும் கிருமி.

களிம்பில் வேறு மாதிரித் தொல்லை. உருக்கும்போது அதிக சூட்டில் உருகும் மெழுகை முதலில் போட்டு, மற்றவற்றை வரிசையாகச் சேர்த்து, உறையும்வரை விடாமல் கிளற வேண்டும். கிளறுவதை முன்கூட்டியே நிறுத்தினால் மெழுகு தனியாகப் பிரிந்து ரவை ரவையாகத் தட்டும். வேகமாக அடித்தால் காற்று புகுந்து டியூபில் எடை குறையும். கரையாத மருந்துத் தூளை நேராகக் கொட்டாமல், லிக்விட் பாரஃபின் என்ற எண்ணெயில் கொஞ்சம் எடுத்துக் குழைத்து நைசாக அரைத்த பிறகே சேர்ப்போம். அப்படியும் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி வெளிச்சத்தில் பிடித்தால், அரைபடாத துகள் புள்ளியாகத் தெரிந்துவிடும். தோலில் அது உறுத்தலோடு போகும். கண் களிம்பில் விழியையே கீறும். கண் களிம்பு கிருமியே இல்லாமலும் இருக்க வேண்டும் என்பதால் அதைச் சாதாரணக் களிம்பு அறையில் தயாரிக்க முடியாது. தொட்டியின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் மாதிரி எடுத்து, மருந்து ஒரே அளவில் பரவியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் டியூபில் நிரப்புவோம்.

இனி வாங்குகிறவர்கள் பக்கம். சிரப்பும் டிராப்ஸும் ஒன்றல்ல. குழந்தைகளுக்கான பாரசிட்டமால் டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும் வகை உண்டு; அதை சிரப் என்று நினைத்து 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள், கூடவே வரும் மூடியோ சிரிஞ்சோ போதும். தூளாக வரும் ஆன்டிபயாடிக் டிரை சிரப்பில், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை முதலில் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடு வரை நிரப்ப வேண்டும். கலக்கியதும் அதன் ஆயுள் லேபிளில் போட்டிருக்கும் 7 அல்லது 14 நாள்தான். பெட்டியில் அச்சடித்த காலாவதித் தேதி தூளுக்கு உரியது.

எந்த சிரப்பாக இருந்தாலும், கொடுத்த பிறகு குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, வாந்தியோ வயிற்று வலியோ வந்தாலோ, மருந்தை நிறுத்திவிட்டு பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டால் எந்த பேட்ச் என்று கண்டுபிடிக்க வழி இல்லாமல் போய்விடும்.

களிம்பை வீட்டில் இன்னொரு கிரீமோடு கலக்க வேண்டாம். மருந்தின் அளவும் கெடும், பிரிசர்வேட்டிவின் பலமும் குறையும். இன்னொன்று, பலர் கேள்விப்பட்டிராதது: பாரஃபின் களிம்பை நிறையப் பூசுகிறவர்களின் உடையிலும் படுக்கை விரிப்பிலும் அது ஊறி உலர்ந்துவிட்டால், அந்தத் துணி எளிதில் தீப்பிடித்து வேகமாக எரியும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. களிம்பு பூசிக்கொண்டு அடுப்புப் பக்கமோ பீடி, சிகரெட் பக்கமோ போகக் கூடாது; படுக்கையில் இருக்கும் நோயாளிகளை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.