போன மெஷினுக்குச் சொன்ன புத்தி

கம்ப்யூட்டர், செல்போன் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் நம் ஊரில் கிடைப்பது கஷ்டம். லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் அத்தனையும் என் காதில் விழும். வேலை முடியும்வரை பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? "சார்ஜை சுத்தமா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்" என்பார் ஒருவர். "டெஸ்க்டாப்ல நாலு தடவை ரீஃப்ரெஷ் கொடுங்க, அப்புறம் பாருங்க வேகத்தை" என்பார் அடுத்தவர். "எல்லாத்துக்கும் ஒரே வழிதான், ஃபார்மட் போட்டுடணும்" என்று மூன்றாமவர் தீர்ப்பு சொல்லிவிடுவார்.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கும் மெக்கானிக்குகள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இவற்றில் முக்கால்வாசி ஒரு காலத்தில் சரியாக இருந்தவை. சொன்னவர் விஷயம் தெரிந்துதான் சொன்னார். அதற்குள் மெஷினின் உள்ளே இருப்பது மாறிவிட்டது. வெளியே பார்த்தால் அதே கீபோர்டு, அதே திரை, அதே ரீசைக்கிள் பின். அதனால் சொன்ன புத்தி காலாவதியானது யாருக்கும் தெரிவதில்லை.

சிலவற்றால் கெடுதல் ஒன்றுமில்லை. ரீஃப்ரெஷ் கொடுத்தால் டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான்கள் மறுபடி ஒருமுறை வரையப்படும், அவ்வளவுதான். மெஷினின் ராம் மெமரிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கைக்கு ஒரு வேலை என்று செய்துகொண்டே இருக்கலாம். பென்டிரைவை முறைப்படி ரிமூவ் கொடுக்காமல் பிடுங்கினால் உள்ளே இருப்பது போய்விடும் என்ற பயமும் பாதி பழசு. வெளியிலிருந்து செருகும் டிரைவில் எழுத வேண்டியதை விண்டோஸ் முன்பு தன்னிடம் கொஞ்சநேரம் வைத்திருந்து எழுதும். 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து உடனுக்குடன் எழுதுவதே வழக்கமான அமைப்பு. காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் மட்டும் இன்றைக்கும் வம்புதான்.

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றச் சொல்லும் ஆபீஸ்களும் இன்னும் இருக்கின்றன. பெரிய எழுத்து, எண், குறி கலந்து வை, அடிக்கடி மாற்று என்ற விதியைப் பரப்பியது அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2004-ல் வெளியிட்ட வழிகாட்டி. 2017-ல் அதே நிறுவனம், கசிந்ததாகத் தெரிந்தால் ஒழியக் கட்டாயப்படுத்தி மாற்ற வைக்க வேண்டாம் என்று திருத்திக்கொண்டது. முதல் வழிகாட்டியை எழுதிய பில் பர் கூட, தான் எழுதியதில் நிறைய விஷயங்களுக்காக இப்போது வருந்துவதாக அந்த ஆண்டு பேட்டி கொடுத்தார். மாதம் மாற மாற மனிதர்கள் என்ன செய்வார்கள்? பழைய பாஸ்வேர்டின் வாலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ப்பார்கள். அதையும் மானிட்டரின் ஓரத்தில் ஸ்டிக்கர் எழுதி ஒட்டுவார்கள். சர்வீஸுக்கு வரும் மானிட்டர்களில் நான் பாஸ்வேர்டு கேட்பதே இல்லை, படித்துக்கொள்வேன்.

ஷட்டவுன் விஷயம் இன்னும் வேடிக்கை. மெஷின் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லேப்டாப் கொண்டுவந்தார். "தம்பி, ராத்திரி ஒழுங்கா ஷட்டவுன் பண்ணித்தான் மூடுவேன். ஒருநாள் தவறினது கிடையாது" என்றார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யு.வின் கீழே ‘அப் டைம்’ என்றிருப்பதைக் காட்டினேன். மெஷின் ஒரு மாதத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருப்பதாக அது சொல்லிற்று. "அப்போ நான் பொய் சொல்றேனா?" என்று கோபம் வந்துவிட்டது அவருக்கு. இல்லை சார், இரண்டுமே உண்மை. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்த புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் அடிப்படைப் பகுதி அப்படியே டிஸ்கில் சேமிக்கப்பட்டு, காலையில் பழையபடி எழுந்து வரும். அதில் ஏதாவது டிரைவர் (பிரிண்டர், வைஃபை போன்றவற்றை இயக்கும் சாஃப்ட்வேர்) முரண்டு பிடித்துக்கொண்டிருந்தால் அந்த முரண்டும் சேர்ந்தே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாமே புதிதாகத் தொடங்கும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற பழைய கை வைத்தியத்துக்கு இன்றைய மருந்து ரீஸ்டார்ட். நிறைய ‘ஸ்லோ’ புகார்கள் அதிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்தால் எனக்கு வருமானம் இல்லை என்பது வேறு விஷயம்.

கெடுதல் செய்யும் பழசு என்றால் முதலில் பேட்டரியைச் சொல்வேன். முழுக்க இறக்கி முழுக்க ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான பாடம். பாதியில் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த அளவை அது ‘நினைவில்’ வைத்துக்கொண்டு முழுத் திறனைத் தராது என்பார்கள். சோனி 1991-ல் லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று உங்கள் போன், லேப்டாப், இயர்போன் எல்லாவற்றிலும் இருப்பது அந்த வகைதான். இதற்கு நினைவும் கிடையாது, சுத்தமாக இறக்குவதும் ஆகாது. அடிக்கடி பூஜ்யம் வரை போனால் ஆயுள் குறையும். நூறிலேயே நிற்பதும் நல்லதல்ல, கூடவே சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

அந்த மோசம் எப்படி இருக்கும் என்பதைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். "டச்பேடு அமுங்க மாட்டேங்குது, மாத்திடுங்க" என்று வருவார்கள். லேப்டாப்பை மூடி மேஜையில் வைத்தால் நாலு கால்களும் தரையில் படாமல் லேசாக ஆடும். ஓரத்தில் பார்த்தால் மேல்மூடிக்கும் அடிமூடிக்கும் நடுவே நகக்கண் நுழையும் அளவு இடைவெளி. அடிமூடியைக் கழற்றினால் டச்பேடுக்கு நேர் கீழே இருக்கும் பேட்டரி பூரி மாதிரி உப்பி, டச்பேடை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வருஷக்கணக்கில் சார்ஜரைக் கழற்றாமல், டெஸ்க்டாப் போலவே பயன்படுத்திய மெஷின்களில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். டச்பேடு ஒரு பக்கம் மட்டும் இறுக ஆரம்பித்தாலே சார்ஜரைப் பிடுங்கி, மெஷினை அணைத்துவிட்டு, பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பியதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். எப்போதும் மின்சாரத்திலேயே வேலை பார்ப்பவர் என்றால், லேப்டாப்போடு வரும் கம்பெனி ஆப்பில் சார்ஜை எண்பது சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், அநேகமாக இருக்கும். போனை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டால் வெடித்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, நிறைந்ததும் அதுவே நிறுத்திக்கொள்ளும். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதுதான் தப்பு.

எல்லாவற்றையும்விட அதிகக் கண்ணீர் பார்த்தது டெலிட் விஷயத்தில். "டெலிட் ஆனதை சாஃப்ட்வேர் போட்டு எடுத்துடலாம்ங்க" என்று பெஞ்சில் இருப்பவர் அடித்துச் சொல்வார். ஹார்ட் டிஸ்க் காலத்தில் நானே அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை அழித்தால், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே போகும். வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும்வரை ஃபைல் அங்கேயே கிடக்கும். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக இப்போது வரும், சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யின் கதை வேறு. ஏற்கெனவே எழுதியதன் மேலேயே அதனால் நேராக எழுத முடியாது. முதலில் அந்தப் பகுதியை மொத்தமாக வெறுமையாக்க வேண்டும். பிறகு எழுதும்போது தாமதம் ஆகக் கூடாது என்பதற்காக, ஒரு ஃபைல் அழிந்ததுமே ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் அதற்குத் தகவல் சொல்லிவிடும். இதற்கு ‘டிரிம்’ என்று பெயர், விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது. தகவல் போன பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான் வரும். இல்லாததை எந்த சாஃப்ட்வேராலும் எடுக்க முடியாது.

குழந்தையின் முதல் பிறந்தநாள் ஃபோல்டரை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு வந்த தாய் ஒருவரிடம் இதை விளக்க வேண்டியிருந்தது. "போன லேப்டாப்ல எடுத்துக் கொடுத்தீங்களே அண்ணா" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. போன லேப்டாப்பில் இருந்தது ஹார்ட் டிஸ்க். ரீசைக்கிள் பின்னில் இருக்கும்வரை கவலையில்லை, அதைக் காலி செய்யும் முன்புதான் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். போனிலும் இதே நிலைதான். அழிந்த படத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லும் ஆப்கள் பல, மிச்சமிருக்கும் பொடிப்பொடிச் சிறுபடங்களைத் தேடிக் காட்டிவிட்டுப் பணம் கேட்கும். அதற்கு முன் கூகுள் ஃபோட்டோஸின் டிராஷைப் பாருங்கள். பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கே இருக்கும். ஐபோனில் ‘ரீசன்ட்லி டெலிட்டட்’ ஆல்பத்தில் 30 நாள் இருக்கும். கேமரா மெமரி கார்டில் அழிந்திருந்தால் மட்டும் பழைய வைத்தியம் இன்னும் பலிக்கும். அந்தக் கார்டில் அதற்குப் பிறகு ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றிக் கொண்டுவர வேண்டும்.

இதே விஷயம் தலைகீழாகவும் கடிக்கும். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது ‘எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டேன்’ என்று நிம்மதியாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஆதார் நகல், பான் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாம் அதில் கிடக்கும். விண்டோஸ் ரீசெட் செய்யும்போது ‘கிளீன் டேட்டா’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் மேலே எழுதி அழிக்கும். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

கடைசியாக, அந்த ‘ஃபார்மட் போட்டுடணும்’ ஆசாமி. முன்பு ஃபார்மட் போடுவதென்றால், மெஷின் விண்டோஸுக்குள்ளேயே போகாவிட்டாலும் டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி ஃபைல்களை எடுத்து வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 11 லேப்டாப்களில் பலவற்றில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது கீ இல்லாமல் வேறு மெஷினில் மாட்டினாலும் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கும். 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் மெஷினைத் தொடங்கி வைக்கும் பயாஸ் என்ற சாஃப்ட்வேர் அப்டேட் ஆனாலோ நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். கீ இல்லையென்றால் நானும் ஒன்றும் செய்ய முடியாது, வேறு யாராலும் முடியாது. கீ இருப்பது லேப்டாப்பை முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் திறந்தார்களோ அந்தக் கணக்கில். சிக்கலே அங்கேதான். வாங்கிய கடையில் இருந்த பையன் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐ.டி. உருவாக்கி லாகின் செய்து கொடுத்திருப்பான். பாஸ்வேர்டு அவனுக்கும் ஞாபகம் இருக்காது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியைத் திறந்து மேலே எந்த மெயில் ஐ.டி. இருக்கிறது என்று பாருங்கள். அது உங்களுடையதாக இருந்தால், அதே ஐ.டி.யில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குள் போய் ரெக்கவரி கீயைத் தேடி ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையிலேயே வைக்க வேண்டாம். உங்களுக்குத் தெரியாத ஐ.டி.யாக இருந்தால், மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபைல்களை வெளி டிரைவுக்கு மாற்றிவிட்டு, கணக்கை மாற்றக் கொண்டுவாருங்கள். அரைமணி நேர வேலை.