குறியீடா, சுட்டெண்ணா?

"பங்குச்சந்தைக் குறியீடு இன்று 500 புள்ளிகள் சரிந்தது." மாலைச் செய்தியில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன வாரம் ஒரு செயலியின் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு பங்கின் சுருக்கப் பெயருக்கும் 'குறியீடு' என்று போட்டிருக்கிறார்கள், மேலே ஓடும் நிஃப்டிக்கும், அதாவது தேசியப் பங்குச்சந்தையின் போக்கைச் சொல்லும் எண்ணுக்கும், அதே 'குறியீடு'. அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

சந்தையின் போக்கைச் சொல்லும் எண்ணுக்கு ஆங்கிலத்தில் இண்டெக்ஸ் என்று பெயர். அது லத்தீன் சொல். சுட்டிக்காட்டுவது, சுட்டுவிரல் என்று பொருள். நமக்கும் சுட்டுவிரல் இருக்கிறது, சுட்டெழுத்து இருக்கிறது. சுட்டு + எண், சுட்டெண். பிறப்பு அவ்வளவுதான்.

குறியீடு வேறு சாதி. குறி இடுவது, அடையாளம் வைப்பது. வேதியியலில் தனிமங்களுக்கு இருப்பது குறியீடு. அது எதையும் அளக்காது, ஏறாது, இறங்காது. "சரி, குறியீட்டெண் என்று எழுதலாமே, பாடநூலில் அப்படித்தானே இருக்கிறது" என்பார்கள். இருக்கிறது. ஆனால் பின்கோடுக்கும் அஞ்சல் குறியீட்டு எண் என்றுதானே எழுதுகிறோம்? மயிலாப்பூரின் 600004 என்றைக்காவது நான்கு புள்ளி ஏறியிருக்கிறதா?

மும்பைப் பங்குச்சந்தையின் சுட்டெண்ணான சென்செக்ஸ் செய்யும் வேலையைப் பார்த்தால் வேறுபாடு புரியும். 30 நிறுவனங்களை எடுத்துக்கொள்கிறார்கள். நிறுவனர்கள் கையில் முடங்கியிருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு, சந்தையில் புழங்கக்கூடிய பங்குகளை மட்டும் விலையால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். 1978-79இல் இருந்த மதிப்பை 100 என்று வைத்து, அதோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் சென்செக்ஸ். ஒரு நிறுவனம் புதிதாகப் பங்குகளை விற்றுப் பணம் திரட்டினாலோ ஒரு நிறுவனம் போய் இன்னொன்று வந்தாலோ எண் வீணாகக் குதிக்காதபடி, அந்தக் கூட்டுத்தொகையை வகுக்கும் வகுஎண்ணைச் சரிசெய்துவிடுவார்கள். நிஃப்டிக்கு 50 நிறுவனங்கள். 1995 நவம்பர் 3ஆம் தேதியை 1000 என்று வைத்த கணக்கு.

முப்பதுக்கும் ஒரே எடை கிடையாது. பெரிய தனியார் வங்கி ஒன்று நன்றாக இறங்கினால், சிறிய பங்குகள் பத்து லேசாக ஏறியும் சென்செக்ஸ் கீழேதான் நிற்கும். ரிசர்வ் வங்கியின் வட்டி, கச்சா எண்ணெய், ரூபாயின் மதிப்பு, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் விற்றுவிட்டுக் கிளம்புவது, எல்லாம் முதலில் தொடுவது பங்கு விலையைத்தான். அதைப் பார்த்து இந்த எண் விரல் நீட்டுகிறது. "சென்செக்ஸ் வீழ்ந்ததால் பங்குகள் சரிந்தன" என்று தலைகீழாக எழுதுகிறவர்களுக்குச் சுட்டெண் என்ற சொல் பழகியிருந்தால் கை கொஞ்சம் தயங்கியிருக்கும்.

இந்த 500 புள்ளிக் கூப்பாடும் அதே ரகம். 1990 ஜூலையில் சென்செக்ஸ் முதன்முதலில் 1000த்தைத் தொட்டது. அன்று 500 புள்ளி போயிருந்தால் பாதிச் சந்தை காலி. 80,000த்தில் 500 என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. சதவீதத்தைச் சொல்ல ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்?

சுட்டெண் யாரோ நேற்று உருவாக்கிய சொல்லும் அல்ல. இலங்கையில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் என்றுதான் எழுதுகிறார்கள், அங்கே யாரும் குழம்பவில்லை. 'சுட்ட எண்ணா?' என்று இங்கே ஒரு நண்பர் கேலி செய்தார். பணம் போட்டுச் சூடுபட்டவர் அவர், அவருக்கு அப்படித்தான் கேட்கும்.

சென்செக்ஸ், நிஃப்டி இரண்டையும் தமிழாக்க வேண்டாம், அவை பெயர்கள். சென்சிடிவ், இண்டெக்ஸ் என்ற இரண்டையும் ஒட்டி சென்செக்ஸ் என்று பெயர் வைத்தவர் சந்தை ஆய்வாளர் தீபக் மொகோனி. அதைப் பிரித்து 'உணர்திறன் குறியீடு' என்று எழுதுகிறவர்கள், நிஃப்டியை மட்டும் 'தேசிய ஐம்பது' என்று எழுதாமல் எப்படி விட்டார்களோ.