பிஸ்கட் டின்னில் 31 கடிதங்கள்: ஏன் தள்ளிப்போடுகிறோம்?

சென்ற ஆண்டு ஒருவர் என் ஆலோசனை அறைக்கு ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். தீபாவளி நேரத்தில் வீட்டுக்கு வீடு இருக்குமே, அந்தப் பெரிய தகர டின். அதை மேசைமேல் வைத்தார். திறக்கவில்லை. மூடிமேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். உள்ளே 31 கடிதங்கள். வருமான வரி, படிப்புக் கடன், பேங்க், இன்சூரன்ஸ். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. சிலவற்றுக்கு மூன்று வயது ஆகியிருந்தது.

"வீட்டுல எல்லாரும் சோம்பேறின்னு சொல்றாங்க மிஸ். எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார்.

ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் டெக்னீஷியன். பட்டர்வொர்த்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போகிறார். வேலைக்கு ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் வருடம் தவறாமல் காவடி எடுப்பவர். 48 நாள் விரதம் இருந்து, தரையில் படுத்து, காவடியோடு 513 படி ஏறுகிறவரைச் சோம்பேறி என்று சொன்னால் அந்தச் சொல்லில்தான் ஏதோ தவறு இருக்கிறது.

அந்தச் சொல்லை நம் வீடுகளில் மிகச் சுலபமாகப் பயன்படுத்துகிறோம். சோம்பேறிக்கு வேலை செய்ய மனம் இல்லை, அதைப் பற்றிய கவலையும் இல்லை. தள்ளிப்போடுகிறவர் அப்படி இல்லை. அந்த வேலையைச் செய்யத்தான் விரும்புகிறார். செய்யாவிட்டால் தனக்குத்தான் கெடுதல் என்றும் தெரியும். அதையே நினைத்துத் தூக்கம் கெடுகிறது. இருந்தும் கை போக மாட்டேன் என்கிறது. கையில் காசு வரட்டும் என்று கூரை பழுதுபார்ப்பதை அடுத்த மாதத்துக்கு மாற்றுவதை நான் இதில் சேர்க்கவில்லை. அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

சரி, ஏன் கை போகவில்லை? நேரத்தைச் சரியாக வகுக்கத் தெரியாததால்தான் என்று பலர் நினைத்து அட்டவணை போடுகிறார்கள், கைப்பேசியில் புதுச் செயலி இறக்குகிறார்கள். கனடாவில் இதை நெடுங்காலம் ஆராய்ந்த திமோத்தி பிச்சில், ஃபியூஷா சிரோய் இருவரும் 2013இல் எழுதிய கட்டுரை வேறு இடத்தைச் சுட்டிக்காட்டுகிறது. ஒரு வேலை நமக்குள் கிளப்பும் பயம், வெட்கம், சலிப்பு, குழப்பம் இவற்றிலிருந்து உடனே தப்பிப்பதற்காகத்தான் அந்த வேலையைத் தள்ளுகிறோம் என்கிறார்கள். இத்தனை வருடம் என் அறையில் நான் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

டின்காரரின் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். தபால்காரர் உறையைப் போட்டுவிட்டுப் போகிறார். ஜன்னல் வைத்த உறையைப் பார்த்ததும் இவருக்கு வயிற்றைப் பிசைகிறது. எடுத்து டின்னில் போட்டு மூடுகிறார். உடனே ஒரு பெருமூச்சு. வயிறு லேசாகிறது. அந்தப் பெருமூச்சுதான் மூளைக்குக் கிடைக்கும் கூலி. டின்னில் போட்டால் வலி போகிறது என்று மூளை சீக்கிரமே கற்றுக்கொள்கிறது. அபராதம் வருவதோ எத்தனையோ மாதம் கழித்து. இன்றைக்கே கிடைக்கும் நிம்மதியை எப்போதோ வரப்போகிற அபராதம் எப்படி வெல்லும்?

அமெரிக்காவில் டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதை தெரிகிறது. தள்ளிப்போடும் மாணவர்களுக்குப் பருவத்தின் தொடக்கத்தில் மற்றவர்களைவிட மன அழுத்தம் குறைவு, உடம்பும் நன்றாக இருந்தது. பருவம் முடியும்போது எல்லாம் தலைகீழ். அழுத்தமும் நோயும் கூடி, மதிப்பெண்ணும் குறைந்தது. முதலில் வந்த நிம்மதி கடன் வாங்கியது. வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாள் போகப் போக வேலையின்மேல் வெட்கம் ஏறிக்கொள்கிறது. முதல் மாதம் அந்தக் கடிதம் வெறும் கடிதம். மூன்றாம் வருடம், 'இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய்?' என்ற கேள்வியும் அதே உறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. வரி அலுவலக கவுண்டரில் அதிகாரி முகம் சுளிப்பாரோ என்பதுதான் இவருக்குப் பெரிய பயமாக இருந்தது. பணம் அடுத்த கவலைதான்.

வீட்டில் திட்டுவது இந்த வெட்கத்தின்மேல்தான் போய் விழுகிறது. ஒருமுறை ஓர் அம்மா, பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கும் மகனோடு வந்தார். "லேப்டாப் முன்னாடி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கான் மிஸ், ஒரு பக்கம் எழுதல" என்று அழுதார். பையன் தலை நிமிரவே இல்லை. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் பேசினேன். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழக வாசலை மிதித்தவன். அப்பா லாரி ஓட்டிப் படிக்க வைக்கிறார். அவன் எழுதும் ஒவ்வொரு வரியும் அப்பாவின் அத்தனை வருட உழைப்புக்கு ஈடாக இருந்தாக வேண்டும். அப்படி ஒரு வரியை யாரால் எழுத முடியும்? எழுதாமல் இருக்கும்வரை அவன் திறமை சோதிக்கப்படவில்லை. எழுதிவிட்டால் 'இவ்வளவுதானா நீ' என்று தெரிந்துவிடுமே என்று பயந்தான். தன்னிடமிருந்து நிறைய எதிர்பார்க்கிறவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன்.

அந்த அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "ஏன்டா இன்னும் எழுதல?" என்ற கேள்வியை ஒரு மாதம் நிறுத்திவைக்க வேண்டும். அதற்குப் பதில், "இதுல எந்த இடம் கஷ்டமா இருக்கு, கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். முதல் வாரம் பதில் வரவில்லை. இரண்டாவது வாரம் வந்தது.

பயம் உயிரோடு விளையாடும் இடமும் உண்டு. ஐம்பது வயதைக் கடந்த ஓர் அக்கா, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொல்லி கிளினிக்கில் கொடுத்த கடிதத்தை ஐந்து மாதமாகக் கைப்பையிலேயே வைத்திருந்தார். கேட்டால், "பேரப்பிள்ளைய யார் பார்த்துக்குறது?" என்பார். பேரப்பிள்ளை வெறும் சாக்குதான். உண்மையான காரணம், அவருடைய அக்கா மார்பகப் புற்றுநோயில் போனது. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையைப் பார்த்தால், மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு நோய் அப்போதே மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் இருந்திருக்கிறது. அதற்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் தள்ளிப்போடுவதில் ஏற்றிவிட முடியாது. ஆனால் கைப்பையில் மடித்து வைத்த கடிதங்களும் அந்தக் கணக்கில் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். தயவுசெய்து, உங்கள் வீட்டில் யாராவது அப்படிக் கடிதம் வைத்திருந்தால், தேதி வாங்கிக் கொடுத்து, கூடவே போங்கள். "போனீங்களா, போனீங்களா" என்று கேட்பது மட்டும் போதாது. அந்த அக்காவைத் தங்கச்சி கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

டின்காரரிடம் திரும்புகிறேன். இரண்டாவது சந்திப்பில் காவடியைப் பற்றித்தான் முழுநேரமும் கேட்டேன். எப்படி முடிகிறது? அவர் சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. தைப்பூசத் தேதியை அவரால் நகர்த்த முடியாது. விரதத்தின் முதல் நாள் செய்ய வேண்டியது மிகச் சிறியது, சைவமாகச் சாப்பிடுவது மட்டும்தான். 513 படியை அன்றைக்கே நினைத்து மலைக்க வேண்டியதில்லை. காவடி கட்ட மச்சான் வருகிறார், உடன் நடக்கப் பத்துப் பேர் வருகிறார்கள். அதோடு இன்னொன்று சொன்னார்: "ஏதாவது குறை இருந்தாலும் முருகன் பொறுத்துக்குவான் மிஸ்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நான் நின்றேன். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாமாண்டு மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குப் படிப்பதைக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். மன்னித்தால் மெத்தனம் வந்துவிடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். அங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. "முருகன் பொறுத்துக்குவான், சரி. நீங்க உங்கள எப்போ பொறுத்துக்கப் போறீங்க?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

அப்புறம் கடிதங்களுக்கும் காவடி போலவே ஏற்பாடு செய்தோம். முதல் நாள் பிரிக்கவே கூடாது என்பது விதி. உறைகளை அனுப்பியவர் வாரியாக அடுக்குவது மட்டும், அதுவும் என் அறையில். எந்த அளவுக்குச் சிறிதாக்கினால் வயிறு பிசையவில்லையோ, அதுதான் சரியான அளவு. பிறகு வாரம் மூன்று கடிதம், மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. அவர் உதவ வேண்டாம், கைப்பேசி பார்த்துக்கொண்டு இருந்தால்கூடப் போதும். நேரத்தை அவரே சொன்னார்: "வியாழக்கிழமை பகல் ஷிஃப்ட் முடிஞ்சு, குளிச்சுட்டு, டீ குடிச்ச கையோட." பொதுவாக 'இந்த வாரம் செய்கிறேன்' என்பதைவிட, 'இது முடிந்ததும் இதைச் செய்வேன்' என்று ஒன்றோடு ஒன்றைக் கட்டிப்போடுவது நன்றாக வேலை செய்யும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார். வரிப் படிவம் இன்னும் நிரப்பாதவர்களும் முயன்று பார்க்கலாம். உதாரணத்துக்கு, இன்றைக்குச் சம்பளச் சான்றிதழான இஏ படிவத்தைத் தேடி மேசைமேல் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இறுதியாண்டு மாணவனுக்கு வேறு மாதிரி. மோசமான ஒரு பக்கத்தை எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன், வேண்டுமென்றே மோசமாக. அனுப்பினான். அவ்வளவு மோசமாக இல்லை.

எல்லாவற்றையும் இப்படியே சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பிடித்த வேலையைக்கூடத் தொட முடியவில்லை, குளிப்பதே பாரமாக இருக்கிறது, தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் மாறிப்போய்விட்டன என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சிறு வயதிலிருந்தே எதையும் தொடங்கவும் முடிக்கவும் திண்டாடுகிறவருக்கு ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாடு இருக்கலாம், பெரியவர்களுக்கும் அது உண்டு. இவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கிலேயே தொடங்கலாம். மனம் கனக்கும் நேரத்தில் பேச, சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது. ஆலோசகரிடம் போவதாக இருந்தால், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அப்புறம், வாரம் ஆறு நாள் 12 மணி நேரம் நின்று வேலை செய்கிறவர் படிவம் நிரப்பவில்லை என்றால், முதலில் அவரைத் தூங்க விடுங்கள்.

டின்காரர் பயந்த அளவுக்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது பொய். இரண்டு கடிதங்களில் அபராதம் இருந்தது, தவணை கேட்டு வாங்கினார். ஒன்றில் அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம் இருந்தது. கவுண்டரில் இருந்த அதிகாரி முகம் சுளிக்கவில்லை, ஐசியை (அடையாள அட்டையை) வாங்கிப் பார்த்துவிட்டு எண் கொடுத்து உட்காரச் சொன்னாராம். போன தடவை அவர் வந்தபோது டின்னில் நான்கு உறைகள் பாக்கி. வியாழக்கிழமை மச்சானுக்கு நைட் ஷிஃப்ட் என்பதால், அந்த நான்கையும் என் அறைக்கே எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.