அமெரிக்க அதிபர் தானாகவே புதுப் பதவி உருவாக்க முடியுமா?

எல்லைக்கு ஒரு ஜார், செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு ஜார் என்று வாஷிங்டனிலிருந்து செய்தி வரும். ஏதோ ஒரு விஷயத்தைக் கவனிக்க அதிபர் அமர்த்தும் ஆளுக்கு ஊடகங்கள் வைக்கும் பட்டப்பெயர்தான் ஜார். அப்போதெல்லாம் பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தப் பதவி எந்தச் சட்டத்தில் இருக்கிறது, யாரிடம் கேட்டு அதிபர் இதை உருவாக்கினார்?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். ஒருவரைக் கூப்பிட்டு, வெள்ளை மாளிகையில் அறை ஒதுக்கி, ஒரு பதவிப் பெயரும் கொடுத்து, எனக்கு ஆலோசனை சொல் என்று சொல்ல அதிபருக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் அந்த ஆள் போடுகிற கையெழுத்து அரசின் உத்தரவாகச் செல்ல வேண்டும், அதற்கு மற்றவர்கள் சட்டப்படி கட்டுப்பட வேண்டும் என்றால், அந்தப் பதவியைக் காங்கிரஸ் சட்டம் போட்டு உருவாக்கியிருக்க வேண்டும். காங்கிரஸ் என்பது அங்கே நாடாளுமன்றம், செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்தது. சிக்கல் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அரசியல் சாசனத்தின் இரண்டாவது பிரிவில் நியமனங்களைப் பற்றி ஒரு வரி வருகிறது. தூதர்களையும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் மற்ற அரசு அதிகாரிகளையும் அதிபர் முன்மொழிவார், செனட் ஒப்புதல் தரும். அந்த மற்ற அதிகாரிகளின் பதவிகள் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டவையாக இருக்க வேண்டும் என்று அதே வரி சொல்கிறது. கீழ்நிலை அதிகாரிகளை மட்டும் அதிபரோ, துறைத் தலைவரோ, நீதிமன்றமோ தனியாக நியமித்துக்கொள்ளலாம், அதற்கும் காங்கிரஸ் சட்டம் மூலம் வழிவிட்டிருக்க வேண்டும். பதவியை உருவாக்குவது ஒரு கை, அதில் ஆளை உட்காரவைப்பது இன்னொரு கை.

இதை ஏன் இப்படிப் பிரித்தார்கள் என்பதற்கு 1776 சுதந்திரப் பிரகடனத்தையே பார்க்கலாம். பிரிட்டன் மன்னர் மீது அடுக்கிய குற்றச்சாட்டுகளில் ஒன்று, அவர் ஏகப்பட்ட புதுப் பதவிகளை உருவாக்கி, கூட்டம் கூட்டமாக அதிகாரிகளை அனுப்பி மக்களைத் துன்புறுத்தி அவர்கள் பிழைப்பைத் தின்றார் என்பது. பதவியை உண்டாக்குவதும் அதை நிரப்புவதும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர்கள் எழுதிய சாசனம் அது.

சரி, யார் அதிகாரி, யார் வெறும் ஊழியர்? 1976இல் பக்லி எதிர் வலேயோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் கொடுத்தது. அமெரிக்கச் சட்டங்களின்படி குறிப்பிடத்தக்க அதிகாரத்தைச் செலுத்துபவர் எவரோ அவர் அதிகாரி. 2018இல் லூசியா வழக்கில், பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் வழக்கு விசாரிக்கும் நிர்வாக நீதிபதிகளும் இந்த வரையறைக்குள் வருவார்கள், ஆணையத்தின் ஊழியர்கள் அவர்களை நியமித்தது செல்லாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதிபருக்குக் குறிப்பு எழுதித் தருபவர், கூட்டம் நடத்துபவர், துறைகளுக்கு நடுவே ஒருங்கிணைப்பவர் இதில் வரமாட்டார். பெரும்பாலான ஜார்கள் காகிதத்தில் இந்த ஆலோசகர் வகைதான்.

அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1978இல் காங்கிரஸ் இயற்றிய சட்டப்படி, வெள்ளை மாளிகை அலுவலகத்தில் உயர்ந்த சம்பள நிலையில் 25 பேர், அதற்கடுத்த நிலையில் 25 பேர், அதற்கும் கீழே 50 பேர், பிறகு இன்னும் குறைந்த சம்பளத்தில் தேவையான மற்றவர்கள் என்று அதிபர் அமர்த்திக்கொள்ளலாம். வழக்கமான பணி நியமன விதிகள் இவர்களுக்குப் பொருந்தாது. யாருக்கு என்ன பதவிப் பெயர், என்ன வேலை என்று காங்கிரஸ் முன்கூட்டியே நிர்ணயிப்பதில்லை. அதனால்தான் ஒரே நாளில் ஒரு ஜார் முளைத்துவிட முடிகிறது. யோசித்துப் பார்த்தால் இதுவும் காங்கிரஸ் முன்கூட்டியே கொடுத்துவைத்த அனுமதிதான்.

தனி ஆளை அமர்த்துவதை விட்டுவிட்டு, அதிபர் ஆணை போட்டு ஒரு அமைப்பையே தொடங்குவதும் உண்டு. வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமைதிப் படையை (பீஸ் கோர், இது ராணுவம் அல்ல) கென்னடி 1961 மார்ச் 1 அன்று அப்படித்தான் தொடங்கினார். வெளிநாட்டு உதவிக்காக ஏற்கெனவே இருந்த சட்டத்தையும் அதன் பணத்தையும் வைத்து ஓட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் காங்கிரஸ் தனிச் சட்டமே இயற்றியது, அமைதிப் படை நிலைத்துவிட்டது.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. எனக்கு மனதை உறுத்துகிற உதாரணம் 1941இல் நடந்தது. போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்க மறுத்துக்கொண்டிருந்த காலம். ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்ற தொழிற்சங்கத் தலைவர், இதை நிறுத்தாவிட்டால் வாஷிங்டனில் மாபெரும் பேரணி நடத்துவோம் என்றார். அதிபர் ரூஸ்வெல்ட் ஜூன் 25 அன்று ஆணை பிறப்பித்து, பாகுபாட்டை விசாரிக்க ஒரு குழுவை அமைத்தார். காங்கிரஸ் வழியாகப் போயிருந்தால் தெற்கு மாநில செனட்டர்கள் அதைக் குழிதோண்டிப் புதைத்திருப்பார்கள், ஆகவே ஆணைதான் ஒரே வழி. ஆனால் அந்த ஆணையின் பலவீனமும் அதேதான். 1944இல் ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரஸல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: அதிபர் ஆணையால் உருவான எந்த அமைப்பும் ஓராண்டுக்கு மேல் இருந்தால், காங்கிரஸ் தனியாக ஒதுக்கினால் ஒழிய அதற்குப் பணம் கிடையாது. அந்தக் குழுவைக் குறிவைத்தே வந்த திருத்தம் அது. அந்த ஆண்டு பணம் கிடைத்தது, அடுத்த ஆண்டு அது பாதியானது, 1946இல் குழு மூடப்பட்டது. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் நிரந்தர ஆணையம் 1964 சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. நடுவில் போன அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது?

ரஸல் கொண்டுவந்த அந்த விதி இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. எந்த நோக்கத்தில் வந்ததோ அது அசிங்கமானதுதான், ஆனாலும் கஜானாச் சாவி யாரிடம் என்பதை அது மறக்கவிடுவதில்லை. சட்டப்படி ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்று சாசனமே சொல்கிறது.

பதில் சொல்லும் பொறுப்பு என்று இன்னொன்று இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு புஷ் ஆணை மூலம் வெள்ளை மாளிகையில் உள்நாட்டுப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றைத் தொடங்கி, டாம் ரிட்ஜை அதற்குத் தலைவராக்கினார். நாட்டின் பாதுகாப்பையே ஒருங்கிணைக்கும் ஆள். செனட்டர்கள் வந்து சாட்சியம் சொல்லச் சொன்னபோது, அவர் அதிபரின் ஆலோசகர், வரத் தேவையில்லை என்று வெள்ளை மாளிகை மறுத்துவிட்டது. கட்சி வேறுபாடில்லாமல் செனட்டர்களுக்குக் கோபம் வந்தது. 2002 நவம்பரில் சட்டம் இயற்றி 22 அமைப்புகளை ஒன்றாக்கித் தனித் துறையே உருவான பிறகுதான் விஷயம் மாறியது. அதே ரிட்ஜ் 2003 ஜனவரியில் செனட்டில் 94க்கு 0 என்ற வாக்கில் ஒப்புதல் பெற்று அந்தத் துறையின் செயலாளர், அதாவது நம் ஊர்க் கணக்கில் அமைச்சர், ஆனார். ஆள் அதே ஆள், ஆனால் இனிக் கூப்பிட்டால் வந்தாக வேண்டும்.

பணத்தைப் பிடித்துவைத்துக் கட்டுப்படுத்தவும் காங்கிரஸ் முயன்றிருக்கிறது. 2011 நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் சில குறிப்பிட்ட ஜார் பதவிகளுக்குப் பணம் செல்லக் கூடாது என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒபாமா கையெழுத்துப் போட்டார், கூடவே, ஆலோசனை பெறும் என் சாசன உரிமையைப் பறிக்காத வகையில்தான் இதைப் பொருள்கொள்வேன் என்றும் எழுதிவைத்தார். இரண்டு கட்சி அதிபர்களும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள்.

அடுத்து 2025. அந்த ஆண்டு ஜனவரி 20 அன்று டிரம்ப் வெளியிட்ட ஆணை, ஒபாமா காலத்தில் 2014இல் தொடங்கிய டிஜிட்டல் சேவை அலுவலகத்தின் பெயரை மாற்றி, அதற்குள் 2026 ஜூலை 4 வரைக்கும் ஒரு தற்காலிக அமைப்பையும் ஏற்படுத்தியது. அரசுச் செலவைக் குறைக்க என்று சொல்லி வந்த டோஜ் (அரசுத் திறன் துறை) அதுதான். புதிதாகச் சட்டம் கேட்கவில்லை, ஏற்கெனவே இருந்த அலுவலகம், தற்காலிக அமைப்புகளுக்கு இடம் தரும் பழைய சட்டம், இரண்டையும் இணைத்துக்கொண்டார்கள். எலான் மஸ்க் ஆண்டுக்கு 130 நாள் மட்டுமே வேலை செய்யக்கூடிய சிறப்பு அரசு ஊழியர் என்ற வகையில் வந்தார். அவர் ஆலோசகர் மட்டுமே, அரசின் முடிவுகளை எடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று வெள்ளை மாளிகை நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தது. வெளியே பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. மேரிலாந்து நீதிபதி ஒருவருக்கும்தான்: வெளிநாட்டு உதவி அமைப்பை மூடிய விவகாரத்தில் மஸ்க்கின் செயல்பாடு நியமன விதியை மீறியிருக்கக்கூடும் என்று மார்ச்சில் அவர் சொன்னார். சில நாட்களிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

இதே வாதம் எதிர்ப்பக்கமும் திரும்பியிருக்கிறது. டிரம்ப் மீதான ரகசிய ஆவண வழக்கை 2024 ஜூலை 15 அன்று புளோரிடா நீதிபதி தள்ளுபடி செய்தார். அந்த வழக்கை நடத்த நீதித் துறை நியமித்த சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித்தின் பதவியை எந்தச் சட்டமும் உருவாக்கவில்லை, நியமனமே செல்லாது என்பது காரணம். முன்பு வேறு நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட நியமனங்களை ஏற்றுக்கொண்டிருந்ததால் பலருக்கு அதிர்ச்சி. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே டிரம்ப் தேர்தலில் ஜெயித்துவிட்டதால் அவர் மீதான வழக்கே கைவிடப்பட்டது, கேள்விக்கு முடிவான பதில் வரவில்லை.

ஆகவே அடுத்த முறை புதுப் பதவிச் செய்தி வந்தால், பெயரை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். அந்த ஆள் தானே உத்தரவு போடுகிறாரா, அல்லது செனட் ஒப்புதல் பெற்ற ஒரு செயலாளரின் கையெழுத்தில் உத்தரவு வருகிறதா? அவர் அலுவலகத்துக்குப் பணம் எந்த ஒதுக்கீட்டிலிருந்து போகிறது? காங்கிரஸ் குழு அழைத்தால் வருவாரா? கடைசிக் கேள்விக்கு வரமாட்டார் என்பதுதான் பதில் என்றால், அதிபரின் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஆளைக் கேள்வி கேட்க மக்களுக்கு வேறு வழி ரொம்பக் குறைவு. வெள்ளை மாளிகை ஊழியர்களின் பெயர், பதவி, சம்பளம் கொண்ட பட்டியல் ஒன்று ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1க்குள் காங்கிரசுக்குப் போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது பொதுமக்கள் பார்வைக்கும் வருகிறது, தேடிப் பார்க்கலாம்.