மொட்டையடிப்பது கவாத்து அல்ல

கொல்லையில் நிற்கும் மாமரம் காய்க்கவில்லை என்று என்னைக் கூப்பிடுபவர்களில் பலர், நான் போய்ப் பார்ப்பதற்குள் ஆள் விட்டு வெட்டி முடித்திருப்பார்கள். கொப்பு, கொழுந்து எதுவும் இருக்காது. தொடை மொத்தத்தில் நாலைந்து கட்டைகள் மட்டும் வெயிலில் நிற்கும். "உயரத்தைக் குறைத்தால் காய்ப்பு வந்துவிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

அப்படி வராது. கவாத்து என்பது வேண்டாத கிளைகளைப் பார்த்து அளவாக எடுப்பது. மரத்துக்குச் சாப்பாடு தயாரிப்பது இலைதான். அது ஒரே நாளில் போய்விட்டால், பட்டைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகளை மரம் அவசர அவசரமாக எழுப்புகிறது. வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக நீர்ப்போத்துகள் எனப்படும் வேகத் துளிர்கள் செங்குத்தாகக் கிளம்பும். பார்க்கத் தளதளவென்று இருக்கும், பூ மட்டும் வராது. சாதாரணக் கிளை மரத்தின் உள்கட்டையோடு பின்னி வளர்ந்திருக்கும். இந்தப் போத்துகள் மேல்பட்டையை ஒட்டித்தான் நிற்கின்றன. அதனால் கனம் ஏறியதும் பலத்த காற்றில் பிய்ந்து விழும். இதுவரை நிழலில் இருந்த பட்டையும் வெயில் பட்டு வெடிக்கும். சில வருடங்களில் மரம் பழைய உயரத்துக்கே வந்துவிடும், முன்னைவிட அடர்த்தியாக.

உயரத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய வயது வேறு. கன்று இடுப்பளவு வரும்போது, தரையிலிருந்து 60 முதல் 75 செ.மீ. உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் கீழேயுள்ள பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். வருவதில் திசைக்கொன்றாக மூன்று நான்கு கிளைகளை மட்டும் விடுங்கள். அடிமரத்தோடு அகலமான கோணத்தில் பிரியும் கிளையே நல்லது. ஒடுங்கிப் பிரியும் கிளையின் கவட்டையில் பட்டை உள்ளே சிக்கிக்கொள்ளும். கட்டையும் கட்டையும் சேராது. நல்ல காய்ப்புள்ள வருடத்தில்தான் அது பிளக்கும்.

வளர்ந்துவிட்ட மரம் என்றால் பொறுமை வேண்டும். ஒரு வருடத்தில் கால்பங்கு தழைக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்று வருடத்தில் குறைக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. முதலில் காய்ந்தது, நோய்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது. அப்புறம் உயரமான கிளைகள். அவற்றையும் நடுவில் துண்டிக்காமல், நன்றாகத் தடித்த ஒரு பக்கக்கிளை பிரியும் இடம்வரை இறக்கி வெட்ட வேண்டும்.

எப்போது வெட்டுவது? அந்த மரம் எங்கே பூக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இதற்குப் பதில் தானாக வரும். கொய்யா புதுத் துளிரில் பூக்கும், அதனால் கவாத்துக்குப் பின் காய்ப்பு கூடும். மா, முற்றிய கிளையின் நுனியில் பூக்கும். அறுவடை முடிந்த கையோடு வெட்டினால் புதுத்துளிர் முற்ற அவகாசம் கிடைக்கும். பூக்கும் பருவம் நெருங்கும்போது வெட்டினால் அந்த வருடக் காய்களைத்தான் வெட்டுகிறீர்கள். மாதுளை, முற்றிய கிளையில் உள்ள குட்டைக் குச்சிகளில் காய்ப்பது, ஆகவே லேசாகக் கலைத்துவிட்டால் போதும். பலாவில் அடிமரத்தில் துளிர்க்கும் சின்னக் குச்சிகளைச் சுத்தம் செய்வதாக நினைத்துச் சுரண்டிவிடுகிறார்கள். பிஞ்சு பிடிப்பதே அதில்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெட்டும் இடம். ஒரு கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கிளையைச் சுற்றிச் சற்றே புடைத்த, சுருக்கம் விழுந்த ஒரு வளையம் தட்டுப்படும். அதுதான் கிளைக்கழுத்து. அதைத் தொடாமல், அதற்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். மரத்தின் காயம் நம் தோல் போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி, மேலே புதுக்கட்டையால் மூடிக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதை 1970-களில் விளக்கினார். அந்தச் சுவர் எழும்புவது கழுத்துப் பகுதியில்தான். அடிமரத்தோடு மழுங்க வெட்டினால் கழுத்தே போய்விடும். ஒரு சாண் கட்டையை விட்டு வெட்டினால், காயம் மூட முடியாமல் அந்தக் கட்டை அழுகி, அழுகல் உள்ளே இறங்கும். வெட்டுவாயில் பெயின்ட் அடிப்பது அழுகலைத் தடுக்காது. பூஞ்சாண நோய் பரவும் இடங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுவது வேறு விஷயம்.

கனமான கிளையை ஒரே அறுப்பில் எடுக்காதீர்கள். பாதியில் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். அடிமரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, அடிப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பாரம் இறங்கிவிடும். மிச்சக் கட்டையைக் கழுத்துக்கு வெளியே நிதானமாக எடுக்கலாம். அரிவாள் வேண்டாம், கூரான ரம்பம் போதும். நோய்பட்ட மரத்தில் வைத்த ரம்பத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்காமல் அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் போகும் கிளையைத் தயவுசெய்து நீங்களே தொடாதீர்கள்.

ஒட்டுக்கன்று வைத்திருப்பவர்கள் தூரையும் அவ்வப்போது குனிந்து பார்க்க வேண்டும். ஒட்டுக்கட்டிய தழும்புக்குக் கீழே துளிர்ப்பது நீங்கள் வாங்கிய ரகம் அல்ல, அந்த ரகத்தை ஒட்டுவதற்கு அடியாக வைத்த வேர்ச்செடி. எலுமிச்சை, சாத்துக்குடி வகைகளில் இது வேறு மாதிரி இலையும் முரட்டு முள்ளுமாக வேகமாக ஏறி, மேலே உள்ள நல்ல ரகத்தை அமுக்கிவிடும். கத்தரியால் நறுக்கினால் அடியில் மிஞ்சும் கண்ணிலிருந்து மறுபடி வரும். விரல் நீளத்தில் இளசாக இருக்கும்போதே கையால் பிடித்து, அடியோடு பிய்த்தெடுங்கள்.