‘போட்டோ’ என்று மட்டும் சொல்லும் போன்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்த ஊர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் எழுத்து கலந்துதான் கிடக்கும். தேங்காய் விலை தமிழில் வரும். பஞ்சாயத்து அறிவிப்பு மலையாளத்தில் வரும். இளவட்டங்கள் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டிவிடுவார்கள். மலையாள மீடியத்தில் படித்த சிலர், வீட்டில் பேசும் தமிழை மலையாள எழுத்தில் எழுதுவதும் உண்டு. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இதெல்லாம் யாருக்கும் விநோதமாகப் படாது. கண் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தானாகத் தாவிவிடும். பார்வையில்லாத ஒருவர் அதே குழுவில் இருந்தால், அவருக்காகத் தாவ வேண்டியது போன்.

எங்கள் குழுவில் அப்படி ஒரு அண்ணன் இருக்கிறார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். மூலத்தறைக் கால்வாயில் தண்ணீர் என்றைக்கு விடுவார்கள் என்பது அவருக்குப் பெரிய விஷயம். அறிவிப்பு வந்த அன்று என்னைக் கூப்பிட்டார்: “தம்பி, போன் ‘போட்டோ’ன்னு மட்டும் சொல்லுது. என்ன போட்டோ அது?” தேதி அச்சடித்த தாளை யாரோ படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஆளாளுக்குப் போட்ட கட்டைவிரல்களை மட்டும் போன் ஒன்றுவிடாமல் படித்துக் காட்டியிருக்கிறது.

பார்வையில்லாதவர்களுக்குப் போனைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு ஸ்கிரீன் ரீடர் என்று பெயரே தவிர, அது ஸ்கிரீனைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு செயலியும் திரையில் வரைவதற்கு இணையாக ஒரு பட்டியலையும் ஆண்ட்ராய்டிடமோ ஐபோனிடமோ கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இது ஒரு பட்டன், பெயர் ‘அனுப்பு’. இது எழுதும் பெட்டி, இப்போது காலி. இது செய்தி, உள்ளே இன்ன வாசகம், வந்த நேரம் 7.40. ஸ்கிரீன் ரீடர் வாங்கிப் படிப்பது இந்தப் பட்டியலைத்தான். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போகும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். செயலியை எழுதியவர் ஒரு பட்டனுக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டால் ‘பெயரில்லாத பட்டன்’ என்று வரும். அது பணம் அனுப்புவதா, அழிப்பதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். படம் என்றால் பட்டியலில் ‘போட்டோ’ என்ற ஒரே சொல். தாளில் இருந்த தேதி நமக்கு எழுத்து, போனுக்கு வெறும் புள்ளிகள்.

ஆண்ட்ராய்டின் டாக்பேக், ஐபோனின் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடர்கள் இரண்டும் 2009-இல் வந்தவை. கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ-வை 2006-இல் தொடங்கியவர் மைக்கேல் கரன், பிறகு அவரோடு சேர்ந்தவர் ஜேம்ஸ் டே. இருவரும் ஆஸ்திரேலியர்கள், இருவருமே பார்வையில்லாதவர்கள். காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம்.

சரி, பட்டியலில் வாசகம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படிக் குரலாகிறது?

உலக எழுத்துகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர்கள் பொதுவாக வைத்திருக்கும் எண் பட்டியல்தான் யூனிகோடு. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். மலையாளத்துக்கு 3328 முதல் 3455 வரை. இந்திய எழுத்துகளை ஒரே வரிசையில் அடுக்கியிருப்பதால் ஒரு வேடிக்கை: தமிழ் எழுத்தின் எண்ணோடு 384-ஐக் கூட்டினால் அதே ஒலியுள்ள மலையாள எழுத்து வந்துவிடும். நம் ‘ழ’ 2996, அவர்கள் ‘ழ’ 3380. எண் எந்த வரம்பில் விழுகிறது என்று பார்த்தாலே எந்த எழுத்து என்று போனுக்குத் தெரியும். இரண்டு குரலும் இறக்கி வைத்திருந்து, மொழியைத் தானாக மாற்றும் வசதியும் அமைந்துவிட்டால், தமிழ் வரியைத் தமிழ்க் குரலும் மலையாள வரியை மலையாளக் குரலும் படிக்கும். தமிழை மலையாள எழுத்தில் எழுதினால்கூடப் பெரிய சேதம் இல்லை. இராகம் கொஞ்சம் மாறும், ஆனால் ஆள் சொல்வது விளங்கும்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால்தான் கதை கந்தல். எண் ஆங்கில வரம்பில் விழுவதால் ஆங்கிலக் குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும். எஸ், ஏ, ஆர், ஐ என்று தட்டிய ‘சரி’ அதற்குக் கட்டுகிற சேலை. ‘அண்ணா’ வெள்ளைக்காரப் பெண்ணின் பெயராகிவிடும். பி, ஓ, எல், இ என்று எழுதிய ‘போலே’ தந்திக்கம்பம். மற்ற சொற்களை அந்தக் குரல் தனக்குத் தோன்றியபடி மென்று துப்பும். கேட்பவர் அந்தச் சத்தத்திலிருந்து எழுத்தைக் கற்பனை செய்து, எழுத்திலிருந்து தமிழை மீட்க வேண்டும். பழகியவர்கள் செய்கிறார்கள்தான், அதுவும் நாம் சாதாரணமாகப் பேசுவதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் போனைப் பேசவிட்டு. அண்ணன் போன் பேசுவதில் எனக்கு ஒரு சொல் பிடிபடாது.

தமிழ் எழுத்திலேயே எழுதினாலும், எழுத்தைக் குரலாக்கும் எஞ்சினுக்கு வேலை இருக்கிறது. ‘க’ ஒன்றுதான், ஒலி பல. ‘பக்கம்’ என்பதில் அழுத்தம், ‘பகல்’ என்பதில் மென்மை, ‘கொங்கு’வில் முதலில் ஒன்று, மெல்லினத்துக்குப் பிறகு வேறொன்று. இதற்கு இலக்கணம் தெளிவாக இருப்பதால் எஞ்சினுக்கு விதியாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம். சொல்லின் முதலில் வந்தால் வல்லொலி, இரட்டித்தால் வல்லொலி, இரண்டு உயிருக்கு நடுவில் மெலியும், இப்படி. தமிழ்ச் சொற்களுக்கு இது நன்றாகவே ஓடும். எல்லையில் எங்கள் சோதனைச் சாவடி ஊர்களே கோபாலபுரம், கோவிந்தாபுரம். முதலில் ‘க’ வந்தால் வல்லொலி என்ற விதியை மட்டும் நம்பும் எஞ்சின், இரண்டையும் ‘கோழி’யில் வருவதுபோல் அழுத்திச் சொல்லும். மலையாளத்தில் இந்தப் பெயர்களின் சரியான முதல் ஒலிக்குத் தனி எழுத்தே இருப்பதால் அதே ஊர்ப்பெயர் அங்கே சிக்கலில்லாமல் வரும். விதியோடு விலக்குச் சொற்களின் அகராதியையும் சேர்ப்பது பழைய வழி. மனிதர் பேசிய மணிக்கணக்கான ஒலிப்பதிவையும் அதன் எழுத்து வடிவத்தையும் கொடுத்துப் பழக்குவது புதிய வழி. சென்னை ஐஐடி-யில் ஹேமா மூர்த்தியின் குழு தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்குச் செய்த வேலை இந்தத் துறையில் முக்கியமானது.

அப்புறம், கண்ணை ஏமாற்றும் எழுத்துகள். ‘கௌரவம்’ என்று எழுதும்போது ஔகாரக் குறிக்குப் பதில் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போடுபவர்கள் ஏராளம். திரையில் வித்தியாசமே தெரியாது. காதில் ‘கெ-ள-ர-வம்’ என்று விழும். ஔவையாரும் ‘ஒ-ள-வையார்’ ஆகிவிடுவார். துணைக்காலுக்கு ‘ர’ போடுவது இன்னொன்று. சில எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிவதால் எழுதியவருக்குச் சந்தேகமே வராது. அதைத் தேடினாலும் கிடைக்காது, சொன்னாலும் விளங்காது.

இதைவிட மோசம் பழைய எழுத்துரு. பாமினி போன்றவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வேஷம். ‘தமிழ்’ என்ற சொல் அங்கே ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’. அச்சகத்திலிருந்து வரும் பிடிஎஃப்-களை டாக்பேக்கில் கேட்டுப் பாருங்கள், மந்திரம் ஓதுவதுபோல் இருக்கும். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அச்சுக்கூடங்களின் பழக்கம் இன்னும் முழுதாக மாறவில்லை. மலையாளத்திலும் இதே நோய் உண்டு. அதோடு உயிர் சேராத மெய்யைத் தனி உருவத்தில் காட்டும் அவர்களுடைய சில்லு எழுத்துகளுக்கு 2008-இல்தான் தனித்தனி எண் கிடைத்தது. அதற்கு முன் இரண்டு மூன்று குறிகளைச் சேர்த்து எழுதியது ஒருபக்கம், புது எண்ணில் எழுதியது ஒருபக்கம் என்று ஒரே சொல் இரண்டு விதமாக உலவுகிறது.

படத்துக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 2016-இல் பேஸ்புக், படத்தில் என்ன இருக்கிறது என்று தானாகச் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. அப்போது அதற்கு அடையாளம் தெரிந்தவை நூறு வகைப் பொருள்கள். 2021-இல் அது 1,200-ஐத் தாண்டியது. ‘இரண்டு பேர், மரம், வெளியிடம்’ என்ற அளவில் சொல்லும். கல்யாண போட்டோவுக்கு அது பரவாயில்லை. அறிவிப்புத் தாளுக்கு வேண்டியது எழுத்துணரி, அதாவது ஓசிஆர். அது படத்தில் வரிகளைப் பிரித்து, வரியில் எழுத்துருவங்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் எதுவாக இருக்கலாம் என்று கணிக்கும். நேராக எடுத்த, ஒரே மொழித் தாளில் நன்றாகவே வரும். மடிந்த தாள், மேலே சீல், தமிழும் மலையாளமும் கலந்த வரி என்றால் திணறும். தேங்காய் விலைப்பட்டியல் இன்னும் சிரமம். கட்டங்களை விட்டுவிட்டு வரியை மட்டும் இழுத்துப் படித்தால், எந்த விலை எந்தச் சந்தைக்கு என்பது காணாமல் போகும்.

2015-இல் வந்த பீ மை ஐஸ் செயலியில் கண் தெரிந்த தன்னார்வலர் வீடியோ அழைப்பில் பார்த்துச் சொல்வார். 2023 முதல் அதிலேயே செயற்கை நுண்ணறிவும் படத்தை விவரிக்கிறது. பெரிய முன்னேற்றம்தான், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அது தப்பாகச் சொன்னாலும் அதே தைரியத்தோடு சொல்லும். தண்ணீர் விடும் தேதியில் 11-ஐ 17 என்று சொன்னால் ஆறு நாள் தென்னை காயும். படத்துக்குக் கீழே ‘வரும் திங்கள் காலை 6 மணிக்குத் தண்ணீர் விடுகிறார்கள்’ என்று அனுப்புகிறவர் ஒரு வரி தட்டினால் இத்தனை எஞ்சினும் வேண்டாம். ‘முக்கிய அறிவிப்பு, அனைவரும் காண்க’ என்று எழுதுவதால் பயனில்லை. காண முடியாதவருக்குத்தான் அந்த வரியே.

சின்ன விஷயங்களும் உண்டு. எமோஜி ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது. பத்துக் கும்பிடு போட்டால் சில ஸ்கிரீன் ரீடர்கள் பத்து முறையும் படிக்கும். ஹேஷ்டேக்கில் ஆங்கிலக்காரர்கள் சொல்லுக்குச் சொல் பெரிய எழுத்துப் போட்டுப் பிரிக்கிறார்கள். நமக்குப் பெரிய எழுத்து இல்லை, அடிக்கோடு போட்டுப் பிரிப்பதுதான் வழி.

இதுவரை சொன்னது பார்வை பற்றி மட்டும். ஒருவருக்குத் திறக்கும் கதவு இன்னொருவருக்கு அடைபடுவதும் இதே குழுக்களில் நடக்கிறது. எழுதுவது சலிப்பென்று வாய்ஸ் மெசேஜ் போட்டால் அண்ணனுக்குச் சந்தோஷம். காது கேளாதவருக்கு அது வெறும் நீலக்கோடு. எழுதியே போட்டாலும், சைகை மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. நீட்டி முழக்கினால் களைத்துவிடுவார். அவர்களுக்கு வீடியோ அழைப்புதான் விடுதலை. இந்திய சைகை மொழி தமிழையோ மலையாளத்தையோ கையால் எழுதிக் காட்டுவதல்ல, தனக்கென இலக்கணம் உள்ள மொழி. வட்டாரத்துக்கு வட்டாரம் சைகைகள் கொஞ்சம் மாறினாலும், வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மொழி மாறிவிடும் என்ற தொல்லை அவர்களுக்கு நம் அளவுக்கு இல்லை.

ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் நேர்ப்பேச்சைவிட எழுத்தில் உரையாடுவதை விரும்புகிறார்கள். எதிராளியின் முகத்தையும் குரலையும் அந்த நொடியே அளந்து பதில் சொல்லும் நெருக்கடி அங்கே இல்லை. யோசித்து எழுதலாம், அழித்து எழுதலாம். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரிந்துகொள்ளாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவரிடம் மட்டும் குறை என்று பார்ப்பது பாதிக் கணக்கு. குழுவில் குத்தலாக ஒன்று எழுதிவிட்டு, ‘ஜோக்கு கூடப் புரியலையா’ என்று கேட்பவர்கள் இதைப் படிக்கலாம். கவனம் சிதறும் இயல்புள்ளவருக்கு ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜ் ஒரு மலை; நடுவில் எங்கே தேதி வருகிறது என்று தேடவும் முடியாது. தானாக ஓடும் வீடியோவும் மினுங்கும் படமும் சிலருக்குத் தலைவலி, வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு ஆபத்து. அதனால்தான் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று இணைய அணுகல் விதிகளில் வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒத்துவரும் ஒரே வடிவம் என்று எதையும் தேட வேண்டாம் என்பது என் கட்சி. ஒரே செய்தி இரண்டு வடிவில் இருந்தால், பெரும்பாலோருக்கு ஏதோ ஒன்று கைகொடுக்கும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. அது ஊர் வாட்ஸ்அப் அட்மினைக் கட்டுப்படுத்தாது. அட்மினைக் கட்டுப்படுத்த இதுவரை எந்தக் கோர்ட்டாலும் முடிந்ததில்லை என்பது வேறு.

உங்கள் குழு எப்படி என்று பார்க்க ஆசையிருந்தால், ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில் டாக்பேக் இருக்கும். குறுக்குவழியை இயக்கி வைத்தால், ஒலி கூட்டும் குறைக்கும் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து மூன்று நொடி அழுத்தினால் போதும். இயங்கத் தொடங்கியதும் ஒரு தட்டு தேர்ந்தெடுக்க மட்டும், திறக்க இரண்டு தட்டு, மேலும் கீழும் நகர்த்த இரண்டு விரல். இது தெரியாமல் போனே கெட்டுவிட்டது என்று பயப்படுபவர்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நேற்று வந்த செய்திகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கேளுங்கள். நிறுத்த, அதே இரண்டு பட்டன்களை மறுபடி மூன்று நொடி அழுத்துங்கள்.